காலிமுகத்திடலில் கோல்ப் ஆடிய காலம்

போன ஏப்ரலில் நாங்கள் ஐந்து பேர் சீசன் பார்க்க நுவரெலியாவுக்குப் போனோம். தெல்தோட்டையில் இருந்து ரிகில்லகஸ்கட பக்கமாக பஸ் மாறி மாறிப் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. எல்லாரும் செய்கிற மாதிரி விக்டோரியா பூங்காவில் டிக்கெட் எடுத்து, பூ பார்த்து, படம் எடுத்து, வெளியே வந்து சோளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் இன்னொரு புல்வெளி வந்தது. பூங்காவில் நடக்க இடமில்லாத அளவுக்குச் சனம். இங்கே, கண்ணுக்கு எட்டின தூரம் வரை, மொத்தமே நாலு பேர். இரண்டு பேர் ஆடுகிறார்கள், இரண்டு பேர் பை தூக்குகிறார்கள்.

எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இது பார்க்கா, கிரவுண்டா?"

யாருக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. பார்க் என்றால் எல்லாரும் உள்ளே போகலாம். கிரவுண்ட் என்றால் யாராவது பந்து கொண்டுவந்தால் விளையாடலாம். இது இரண்டும் இல்லை. ஆனால் சுவர் கட்டி மறைத்த இடமும் இல்லை. நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிறது, ரோட்டில் போகிற யாரும் பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு திரும்பி வந்து, பேராதனை நூலகத்திலும் கையில் கிடைத்த புத்தகங்களிலும் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் ஒருத்தருக்கும் கோல்ப் ஆடத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கோல்ப் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது பிறந்த ஊரில் கதை வேறு. ஸ்கொட்லாந்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையில் மணல் கலந்த புல் தரை உண்டு. விவசாயத்துக்கு உதவாது. ஆடு மேய்க்கலாம், துணி உலர்த்தலாம், முயல் பிடிக்கலாம், பந்து அடிக்கலாம். அப்படிப்பட்ட ஊர்ப் பொதுத் தரையில் சாதாரண சனம் ஆடிய ஆட்டம் இது. 1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் கோல்பையும் உதைபந்தையும் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்பது காரணம். ஒரு ஆட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றால், அதை எத்தனை பேர் ஆடியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்ட் அன்ட்ரூஸ் என்ற சிறு நகரத்துக் கடற்கரைத் தரையைத்தான் கோல்பின் தாய்வீடு என்பார்கள். 1552இல் அங்கிருந்த பேராயர் ஜோன் ஹமில்டன் ஒரு பத்திரம் கொடுத்தார். அந்தத் தரையில் முயல் வளர்க்கத் தனக்கு அனுமதி வேண்டும் என்பது அவர் தேவை. பதிலுக்கு, ஊர்ச் சனம் அங்கே கோல்ப் ஆடவும் உதைபந்து ஆடவும் உள்ள உரிமையை அவர் ஏற்றுக்கொண்டார். 1797இல் நகரசபை கடனில் மூழ்கித் தரையை விற்றபோது அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல் குழி தோண்ட, ஆட வந்தவர்கள் சண்டை பிடிக்க, வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. 1821இல் கோல்ப் பிரியரான ஒரு நிலவுடைமையாளர் அதை வாங்கியதோடுதான் முயல் பிரச்சினை அடங்கியது. 1894இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் நகரமே தரையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்குள்ள பழைய மைதானத்தில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது பூங்கா. சனம் நாயைக் கூட்டிக்கொண்டு குறுக்கே நடக்கலாம்.

இதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. பொதுத் தரையில் பிறந்த ஒரு ஆட்டம் கப்பல் ஏறி எங்கள் பக்கம் வரும்போது மட்டும் வேலியையும் சேர்த்துக் கொண்டுவந்தது எப்படி?

இலங்கையில் அது முதலில் இறங்கிய இடம் காலிமுகத்திடல். கோட்டைக்கு வெளியே எதிரி மறைந்து வர இடம் இருக்கக்கூடாது, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் போக வேண்டும் என்று ஒல்லாந்தர் வெறுமையாக வைத்திருந்த வெளி அது. பீரங்கியின் தேவை போன பிறகு பிரித்தானியர் அங்கே குதிரைப் பந்தயம் ஓட்டினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். 1850களில் தேசாதிபதியாக இருந்த ஹென்றி வார்ட் கடலோரமாக நடைபாதை ஒன்று போட்டார். 1859இல் அது முடிந்ததும் ஒரு கல்லும் நாட்டினார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த நடைபாதையைத் தனக்குப் பின் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கல்வெட்டு கேட்டுக்கொள்கிறது. அவர் மனதில் இருந்தது எந்தப் பெண்கள், எந்தப் பிள்ளைகள் என்று நாங்கள் ஊகிக்கலாம். ஆனாலும் கல்லில் நிறம் எழுதப்படவில்லை. பின்னால் அது உதவியது.

1879இல் கொழும்பு கோல்ப் கழகம் தொடங்கப்பட்டது. ஆட்டம் நடந்தது அந்தத் திடலில்தான். அதாவது இலங்கையின் முதல் கோல்ப் மைதானம் ஒரு நகரத்தின் பொதுத் திடலில், நடக்கவும் காற்று வாங்கவும் வந்த சனத்துக்கு நடுவில் இருந்தது. இதை வாசிக்கும்வரை எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு அங்கே இஸ்ஸோ வடை விற்கிற வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வெள்ளைக்காரத் துரை குறி பார்த்து அடிக்கப் போகிற நேரம் குறுக்கே ஒரு மாட்டு வண்டி, ஒரு ஆயா, நாலு பிள்ளைகள். கோல்ப் ஆட அமைதி வேண்டும். பந்தும் லேசானது இல்லை, தலையில் பட்டால் தையல் போட வேண்டி வரும். பொதுத் திடலும் கோல்பும் ஒன்றாக இருக்கிறதில் உண்மையான சிக்கல் உண்டு. அதை மறுக்கவில்லை. கேள்வி, அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான்.

ஒரு வழி, நியூயோர்க் செய்தது. 1895இல் அங்கே பிரொங்ஸ் பகுதியில் உள்ள வான் கோர்ட்லண்ட் என்ற நகரப் பூங்காவில் ஒரு கோல்ப் மைதானம் திறக்கப்பட்டது. ஆட இடம் கேட்டது பக்கத்துப் பணக்காரர் சிலர்தான். ஆனால் பூங்கா நகரத்தின் சொத்து என்பதால் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் பொது கோல்ப் மைதானம் அது. இன்றைக்கும் இருக்கிறது.

கொழும்பு வேறு வழியில் போனது. 1896இல், அதாவது சரியாக அடுத்த வருஷம், கழகம் திடலை விட்டு பொரளைப் பக்கம் புதிய மைதானத்துக்குப் போனது. அப்போதைய தேசாதிபதி ரிஜ்வேயின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1928இல் 'ரோயல்' என்ற அரச பட்டமும் கிடைத்தது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்தின் ஊடாகத்தான் போகிறது. அவிசாவளை ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், வீடும் மதிலும் வரிசையாகப் போய், திடீரென்று இரண்டு பக்கமும் பச்சை விரிந்து, மறுபடி வீடு வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நிற்கிறவரும் கோல்ப் மைதானத்துக்குள் இருக்கிறார்.

கோல்ப் போனது திடலுக்கு நல்லதாகப் போய்விட்டது. இந்தக் கட்டுரையில் எங்களுக்கு முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறோம்.

ஆட்டக்காரர் போன பிறகு அந்த வெளிக்கு ஒரு தனிச் சொந்தக்காரர் இல்லை. குதிரைப் பந்தயமும் கறுவாத்தோட்டப் பக்கம் போய்விட்டது. திடல் நாலு பக்கமும் வெட்டுப்பட்டுச் சிறுத்தது, ஹோட்டல் வந்தது, ரோடு வந்தது, வடக்கு முனையில் பாராளுமன்றக் கட்டடம் வந்தது. இன்றைக்கு மிச்சம் ஏறத்தாழ 12 ஏக்கர்தான். ஆனால் அந்த 12 ஏக்கரில் நடந்ததைப் பாருங்கள். 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தது அங்கேதான். அடித்து விரட்டப்பட்டதும் அங்கேதான். 2018 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் வேண்டும் என்று கறுப்பு உடை உடுத்திக்கொண்டு மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடியதும் அங்கேதான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களும் போனார்கள். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிற எங்கள் சனம், பெயர் தெரியாத சனம், ஒரே நாளில் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். 2022இல் அறகலய நடந்ததையும், மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிர்ந்ததையும் சொல்லத் தேவையில்லை.

1896இல் கழகம் இடம் மாறாமல், திடலை வளைத்துத் தனக்கென்று வேலி போட்டிருந்தால்? வரலாற்றில் இப்படிக் கேட்கக்கூடாது என்று எங்கள் விரிவுரையாளர்கள் சொல்வார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. கறுப்பு உடையோடு எங்கே போய் நின்றிருப்போம்?

நுவரெலியாவில் கோல்ப் போகவில்லை. வந்தது, இருந்தது, இன்னும் இருக்கிறது.

அங்கே எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும் என்றால் கோப்பியில் இருந்து தொடங்க வேண்டும். 1840இல் பிரித்தானியர் ஒரு சட்டம் போட்டார்கள். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், யாராவது உரிமையை நிரூபிக்காத வரைக்கும், முடிக்குச் சொந்தம். கண்டிச் சீமையில் கிராமத்துச் சனம் சேனைப் பயிருக்கும் மாட்டுக்கும் விறகுக்கும் பயன்படுத்திய நிலத்துக்கு யாரிடம் பத்திரம் இருந்தது? அப்படித்தான் மலை விற்பனைக்கு வந்தது. கோப்பித் தோட்டம் வந்தது. எங்கள் பூட்டன்மாரும் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தார்கள்.

நுவரெலியா அப்போது சுகம் தேடிப் போகிற இடம். 6,000 அடிக்கு மேலே, குளிர், இங்கிலாந்தை ஞாபகப்படுத்துகிற புல்வெளி. சாமுவேல் பேக்கர் 1848இல் அங்கே ஒரு ஆங்கிலேயக் குடியிருப்பையே உண்டாக்கப் பார்த்தார், ஆள், மாடு, கலப்பை எல்லாம் இறக்கினார். 1873இல் தேசாதிபதி கிரகரி ஏரியைக் கட்டினார். 1876இல் ஹில் கிளப். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்துவிட்டது. கொழும்புத் துரைமாருக்கு இனி மலை ஏறுவது ஒரு பகல் வேலை. 1889இல் நுவரெலியா கோல்ப் கழகம்.

இந்த வருஷங்களை மறுபடி ஒருக்கால் பாருங்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. 1880களில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1884 மே மாதம் தோட்டங்களுக்குப் பணம் கொடுத்த ஒரியன்டல் வங்கி விழுந்தது. துரைமார் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள், தொழிலாளிக்குச் சம்பளப் பாக்கி நின்றது, தோட்டம் தோட்டமாகக் கைவிடப்பட்டது. அந்த அழிவுக்கும் தேயிலை எழும்புவதற்கும் நடுவில்தான் இந்த மைதானம் பிறந்தது. கோப்பிக் காலத்துத் துரை கடனில் நிலம் வாங்கிய சாகசக்காரர். தேயிலைக்கு ஃபெக்டரி வேண்டும், கம்பனி வேண்டும், மாதச் சம்பளத்துக்கு முகாமையாளர் வேண்டும். அந்தப் புதுத் துரைக்கு ஓய்வுநாள் உண்டு, கிளப் உண்டு, ஆட ஆளும் உண்டு. கோல்புக்கு இதைவிட நல்ல நிலம் அமையாது. தோட்டத்துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம், ஆட்டம் அவர்கள் ஊர் ஆட்டம்.

எங்கள் பக்கத்து ஸ்கொட்லாந்துக்காரரும் ஒருத்தர் உண்டு, சொல்லாமல் போனால் ஊரில் கோபிப்பார்கள். தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர். அவர் கோல்ப் கிளப் ஆள் மாதிரியே தெரியவில்லை. ஏழைக் குடும்பம். 16, 17 வயதில் வந்தவர் சாகும்வரை தோட்டத்தை விட்டு அசையவே இல்லை. அவர் எடுத்த ஒரே விடுமுறை 1874இல், அதிலும் போனது டார்ஜிலிங்குக்கு, தேயிலை பார்க்க. 1892இல் இறந்தபோது அவரை மஹய்யாவ வரை தோட்டத் தொழிலாளர்கள்தான் சுமந்து போனார்கள் என்று சொல்வார்கள். நுவரெலியாவில் பந்து பறந்துகொண்டிருந்த காலம் அது.

நுவரெலியா மைதானத்தின் ஓரத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ். பதுளைப் பக்கம் நிர்வாக அதிகாரியாக இருந்தவர், ரோடு போட்டவர், நியாயமான ஆள் என்று பெயர் எடுத்தவர். அதோடு 1,400க்கு மேல் யானை சுட்டவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பிறகு அவர் கல்லறையிலும் மின்னல் விழுந்தது என்பார்கள். யானைகளின் சாபம் என்று ஊர்க்கதை. எங்களுக்குக் கதையை விட அது இருக்கிற இடம்தான் சுவாரசியம். யானை திரிந்த வெளி, பிறகு வேட்டைக்காரன் புதைந்த வெளி, பிறகு கோல்ப். ஒரே புல்.

விக்டோரியா பூங்கா அதற்குப் பிறகு வந்தது. அது ஹக்கலை தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சித் தோட்டமாக இருந்த இடம். 1897இல், ராணி அரியணை ஏறி 60 வருஷம் ஆன கொண்டாட்டத்தில், அவர் பெயரை வைத்தார்கள். அதே 1897இல்தான் தரிசு நிலச் சட்டம் என்று இன்னொன்றும் வந்தது. உரிமை கோராத நிலத்தை அறிவித்தல் போட்டு அரசு எடுத்துக்கொள்ள வசதியாக. ஒரு கையால் பூங்கா, மறு கையால் நிலம். அந்த ஊரில் பூங்காவும் மைதானமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோது எங்களுக்கு வந்த குழப்பம் அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை. ஒரே கை போட்ட இரண்டு பச்சை.

இப்போது பை தூக்குகிறவர்களுக்கு வருவோம். அவர்களை கேடி என்பார்கள். தமிழில் கேடி என்றால் வேறு அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும், அந்தப் பகிடியை அவர்களே அதிகம் சொல்வார்கள். எங்கள் குழுவில் ஒருத்தியின் மாமா சின்ன வயதில் ஒரு மைதானத்தில் இந்த வேலை பார்த்தவர். அவரிடம் போய் உட்கார்ந்தோம். காற்று எந்தப் பக்கம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஈரத்தில் பந்து எவ்வளவு உருளும், எந்த மட்டையைக் கேட்பதற்கு முன்னாலே எடுத்து நீட்ட வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். "துரைக்குத் தெரியாதுடா தங்கச்சி, நமக்குத்தான் தெரியும். ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது." லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் கொய்யாக் கம்பை வளைத்து மட்டை செய்து, தொலைந்து போய்க் கிடைத்த பந்தை வைத்து அடித்துப் பழகினார்களாம். குழிக்குப் பால்மா டின். ஒன்பது குழி இருந்ததாம், ஒன்பதாவது கக்கூஸ் பக்கம் என்பதால் அதில் யாரும் ஜெயிக்க விரும்பவில்லையாம்.

இந்தக் கொய்யாக் கம்பு உலகம் முழுக்க இருந்திருக்கிறது. தென்னாபிரிக்காவின் டர்பனில் பப்வா செவ்கோலும் என்று ஒருத்தர். நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். மைதானத்தில் பை தூக்கியவர். தானாகப் பழகியதால் மட்டையைப் பிடிக்கும்போது அவருடைய கைகள் இடம் மாறி இருக்கும். வலது கை மேலே, இடது கை கீழே. எந்தப் பயிற்சியாளரும் அதைத் தவறு என்பார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளைக்காரர்களோடு ஆடி வென்றார். நிறவெறிச் சட்டக் காலம். வெள்ளைக்காரர் எல்லாம் கிளப் கட்டடத்துக்குள் நிற்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணம் வாங்கினார். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அடுத்த வருஷத்தோடு அவருக்குப் போட்டிகளின் கதவு மூடப்பட்டது. 1978இல் வறுமையில் செத்தார். டர்பனில் உம்கெனி ஆற்றங்கரையில் நகரசபையின் பொது கோல்ப் மைதானம் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது.

பொது மைதானம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் அட்லான்டா நகரம். 1951இல் ஹோம்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம், தந்தை ஒரு வைத்தியர், நகரசபையின் மைதானத்துக்கு ஆடப் போனது. நகரத்துக்கு வரி கட்டுகிறவர்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கலாம், கறுப்பருக்கு வேறு நேரம் ஒதுக்கலாம் என்ற மாதிரிச் சொன்னது. 1955 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வருஷம் நத்தாருக்கு முதல் நாள் போய் ஆடினார்கள். ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழும்ப மறுத்தது அதே டிசம்பரில்தான். பஸ் கதை எல்லாருக்கும் தெரியும், கோல்ப் கதை தெரியாது. கோல்ப் என்றால் யாருக்கு அனுதாபம் வரும்? ஆனால் உரிமை என்று வந்தால் பஸ் சீட்டும் புல் தரையும் ஒன்றுதான்.

எங்கள் ஊரில் நிறம் எழுதிய பலகை இருந்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. 1948இல் குடியுரிமையையே எடுத்துவிட்டார்கள். நாட்டிலேயே உறுப்பினர் இல்லாதவனுக்கு கிளப் எதற்கு?

இன்றைய கதைக்கு வந்தால், இலங்கையில் 18 குழி மைதானங்களை விரல் விட்டு எண்ணலாம். கண்டிக்குப் பக்கத்தில் திகன ராஜவெலயில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒன்று, 1990களின் கடைசியில் வந்தது. மிக அழகான இடம், படம் பார்த்தால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். அந்த நீருக்கு அடியில் பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது. 1985இல் அணை திறந்தபோது மூழ்கியது. தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் பழைய கட்டடங்கள் தலை காட்டும், சனம் போய்ப் பார்க்கும். விளையாட்டிலும் நம்மவர் இல்லாமல் இல்லை. என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டம் வென்ற இலங்கையர். அவர் பெயரை எங்கள் வகுப்பில் கேட்டோம். ஒருத்தருக்கும் தெரியாது. கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாவது ஆளையும் தெரியும்.

சென்னையில் இப்போது காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறது. கிண்டியில் குதிரைப் பந்தயக் கழகத்தின் கையில் 160 ஏக்கர் அரசு நிலம் இருந்தது, 1945இல் 99 வருஷக் குத்தகை. பந்தயப் பாதைக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம். 2024 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு குத்தகையை ரத்துச் செய்து சீல் வைத்தது. 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அறிவித்தது. விஷயம் நீதிமன்றம் போனது. அதே வருஷம் ஊட்டியிலும் பந்தய மைதானத்தை எடுத்துக்கொண்டார்கள். நுவரெலியாவும் ஊட்டியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி, ஏரி, பந்தயம், கோல்ப், பூங்கா எல்லாம் அச்சு. அதனால் அந்தச் செய்தியை நாங்கள் இரண்டு தரம் வாசித்தோம்.

நாங்கள் என்ன சொல்ல வருகிறோம், நுவரெலியா மைதானத்தை உழுது வீடு கட்டச் சொல்கிறோமா? எங்களுக்குள்ளேயே இதில் சண்டை. ஒருத்தர் ஆமாம் என்கிறார். கணக்கும் போட்டுக் காட்டினார். தோட்டத்தில் வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுத்து வந்தார்கள், அதற்கும் உறுதிப்பத்திரம் வருவதற்குள் தலை நரைக்கிறது. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 18 குழி மைதானம் எங்கே கட்டினாலும் சுமார் 120 ஏக்கர் கேட்கும். 19,200 பேர்ச்சஸ். 2,742 குடும்பம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நகரத்துக்கு நடுவில் கட்டடம் ஏறாத ஒரு வெளி 130 வருஷத்துக்கு மேல் தப்பியிருக்கிறது என்றால் அது கோல்பால்தான் தப்பியது, அதை ஹோட்டல்காரனுக்குத் திறந்துவிடக்கூடாது என்பது இன்னொரு பக்கம். காலிமுகத்திடலில் கோல்ப் போன இடத்தில் சனம் மட்டும் வரவில்லை, ஹோட்டலும் வந்தது. இதுவும் உண்மை. சென்ட் அன்ட்ரூஸ் மாதிரி வாரத்தில் ஒரு நாள் திறந்துவிட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு யாராலும் நல்ல மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சம்பள நாளுக்கு அடுத்த நாள் என்று ஒரு திருத்தம் மட்டும் வந்தது.

எங்கள் தோட்டத்தில் கிரவுண்ட் என்று சொல்கிற இடம் சரிவில் இருக்கிறது. கீழ்ப்பக்கம் அடித்தால் பந்து தேயிலைக்குள் போய் ஆற்றுக்கு இறங்கிவிடும், அதனால் கீழ்ப்பக்கம் அடித்தால் அவுட் என்று சட்டம். கிரிக்கெட்டில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஓஃப் சைட்டில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று ஒரு கோட்பாடு உலவுகிறது.

மாமாவிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டோம். அந்த மைதானத்தில் அவருக்குப் பிடித்த இடம் எது? கொஞ்ச நேரம் யோசித்தார். மழை வந்தால் ஆட்டக்காரர் எல்லாம் கட்டடத்துக்கு ஓடிவிடுவார்களாம். மூடுபனியும் இறங்கினால் கொடி கூடத் தெரியாதாம். பைகளை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கேடிப் பையன்கள் எல்லாரும் அந்தப் புல்லில் ஒரு ஓட்டம் ஓடுவார்களாம். மழை விடும் வரைக்கும்.